தோற்றவர் வெளியேறாத தேர்தல்கள்: இருமுறை ஆட்சிமாற்றச் சோதனையும் நேபாளக் கூட்டணி அரசியலும்

ஆய்வுச் சுருக்கம்

இளம் மக்களாட்சி ஒன்று வேரூன்றிவிட்டதா என்பதை அறிய அமெரிக்க அரசியலறிஞர் சாமுவேல் ஹண்டிங்டன் 1991இல் முன்வைத்த ‘இருமுறை ஆட்சிமாற்றச் சோதனை’ இன்றளவும் பரவலாக எடுத்தாளப்படுகிறது. கூட்டணி ஆட்சிகள் மிகுந்த நாடுகளில் இவ்வளவுகோல் எந்த அளவிற்குப் பொருந்தும் என்பதை 1990க்குப் பிந்தைய நேபாள அரசியலைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை திறனாய்வு செய்கிறது. நேபாளம் இச்சோதனையில் இருமுறை தேறியது. தேறிய பின்னர் இருமுறையும் மூன்றாண்டுகளுக்கு உள்ளாகவோ அதையொட்டியோ நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது. அவ்விரு கலைப்புகளையும் செய்தவை பெரும்பான்மை அரசுகளே. ஆகவே, கூட்டணி அரசுகளின் குறுகிய ஆயுளை மக்களாட்சியின் பலவீனத்திற்கான சான்றாகக் கொள்வதும், ஆட்சிமாற்றங்களின் எண்ணிக்கையை அதன் உறுதிக்கான சான்றாகக் கொள்வதும் ஒருங்கே பிழையானவை என இக்கட்டுரை வாதிடுகிறது. தேர்தலில் தோற்றவர் அதிகாரத்திலிருந்து உண்மையில் வெளியேறுகிறாரா, அவையில் எதிர்க்கட்சி எஞ்சுகிறதா என்பவையே ஆராயத்தக்க வினாக்கள் என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: மக்களாட்சி உறுதிப்பாடு, கூட்டணி ஆட்சி, ஆட்சிமாற்றம், எதிர்க்கட்சி, நாடாளுமன்றக் கலைப்பு, நேபாளம், ஹண்டிங்டன்.

1. முன்னுரை

தேர்தல் காலங்களில் தெற்காசிய நாடுகள் அனைத்திலும் ஒலிக்கும் முழக்கங்களுள் ஒன்று ‘நிலையான ஆட்சி’ என்பதாகும். ஒரு கட்சி தனித்துப் பெரும்பான்மை பெற்றால் நாடு நிலைபெறும். பல கட்சிகள் கூடி ஆண்டால் தடுமாறும் என்பது இம்முழக்கத்தின் உட்பொருள். மேடைப்பேச்சில் இக்கருத்து இடம்பெறுவதில் வியப்பில்லை. ஆயின் ஆய்வுரைகளிலும் இது போதிய சான்றின்றி இடம்பெற்றுவிடுகிறது. நிலைத்தன்மை, உறுதிப்பாடு, மீள்திறன் என்னும் மூன்று கலைச்சொற்களும் தமிழில் ஒன்றற்கொன்று மாற்றாக வழங்கப்படுவது இக்குழப்பத்திற்கு ஒரு காரணம் எனலாம். ஓர் அரசு பதவிக்காலம் முழுவதும் நீடிப்பது நிலைத்தன்மை. அரசியலில் ஈடுபடும் அனைவரும் தேர்தலன்றி வேறு வழியில் அதிகாரத்தை நாடாதிருக்கும் நிலை உறுதிப்பாடு. நெருக்கடிக்கு உள்ளான ஆட்சிமுறை தன் விதிகளுக்குள் மீண்டுவருவது மீள்திறன். முதலாவது இருந்தும் பின்னிரண்டும் இல்லாத நாடுகள் பல உள. முதலாவது இன்றியே பின்னிரண்டையும் பெற முயன்ற நாட்டிற்கு நேபாளம் தக்க சான்று.

‘கூட்டணி’ என்னும் சொல்லையும் இங்கே வரையறுத்துக்கொள்ளுதல் வேண்டும். தமிழக அரசியல் வழக்கில் அச்சொல் பெரும்பாலும் தேர்தலுக்கு முன் தொகுதிகளைப் பங்கிட்டுக்கொள்ளும் உடன்பாட்டையே சுட்டும். அமைச்சரவையைப் பங்கிடுவது அதில் அடங்குவதில்லை. நேபாளத்தில் இவ்விரண்டும் வெவ்வேறாக இயங்குகின்றன. ஓர் அணியில் நின்று வாக்குக் கேட்டவர் மற்றோர் அணியின் துணையோடு ஆட்சியமைக்க இயலும். ஆதலின் இக்கட்டுரையில் முன்னது ‘தேர்தல் கூட்டணி’ என்றும் பின்னது ‘ஆட்சிக் கூட்டணி’ என்றும் வேறுபடுத்தி வழங்கப்படுகின்றன.

இவ்வாய்வின் கால எல்லை, பல கட்சி ஆட்சிமுறை மீட்கப்பட்ட 1990 முதல் கே.பி. சர்மா ஓலியின் அரசு வீழ்ந்த 2025 செப்டம்பர் வரையிலானது.

2. இருமுறை ஆட்சிமாற்றச் சோதனையும் அதன் முன்கோள்களும்

இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் நிகழ்ந்த மக்களாட்சி மாற்றங்களை ஆராய்ந்த ‘மூன்றாம் அலை’ என்னும் நூலில் ஹண்டிங்டன் இச்சோதனையை வகுத்தார். மாற்றத்தின்போது நடைபெறும் முதல் தேர்தலில் வென்று ஆட்சியேற்ற கட்சியோ குழுவோ பிறிதொரு தேர்தலில் தோற்று, வென்றவரிடம் அமைதியாக ஆட்சியை ஒப்படைக்க வேண்டும். அவ்வாறு ஆட்சி பெற்றவரும் பின்னொரு தேர்தலில் தோற்று அவ்வாறே ஒப்படைக்க வேண்டும். இவ்விரண்டும் நிகழ்ந்தால் அம்மக்களாட்சி உறுதிப்பட்டதாகக் கொள்ளலாம் என்பது அதன் சாரம்.

இதன் வலிமை எளிமையில் உள்ளது. முதல் ஆட்சிமாற்றம் விடுதலைப் போராட்டத்தையோ மாற்றத்தையோ முன்னெடுத்த தலைவர்கள் தோல்வியை ஏற்கின்றனரா என்பதைக் காட்டும். இரண்டாவது மாற்றம், அவர்களுடைய எதிரிகளும் அவ்விதிக்குக் கட்டுப்படுகின்றனரா என்பதைக் காட்டும். மக்களாட்சி என்பது கட்சிகள் தேர்தலில் தோற்கக்கூடிய ஒரு முறைமை என்னும் ஆடம் பிரசெவோர்ஸ்கியின் வரையறையும் இதனோடு ஒத்துச்செல்வது.

இச்சோதனையின்மீது வழக்கமாக எழுப்பப்படும் தடை, அது மிகக் கடுமையானது என்பதாகும். ஜப்பானில் 1955 முதல் 1993 வரை ஒரே கட்சி தொடர்ந்து ஆண்டது; எனினும் அந்நாட்டை உறுதியற்ற மக்களாட்சி என எவரும் கருதுவதில்லை. இத்தடை ஏற்கத்தக்கதே. ஆயின் இக்கட்டுரை எழுப்பும் தடை இதற்கு நேர்மாறானது. கூட்டணி ஆட்சிகள் நிலவும் நாடுகளில் இச்சோதனை மிகவும் இளக்கமானது. தேறக்கூடாதவற்றையும் தேறியவையாகக் காட்டிவிடுகிறது.

இதற்குக் காரணம் சோதனையின் அடியில் உள்ள மூன்று முன்கோள்கள். ஒன்று, தேர்தலில் வென்றவர் யார், தோற்றவர் யார் என்பது ஐயமின்றித் தெரியும் என்பது. இரண்டு, ஆட்சி தேர்தலின் வழியாகவே கைமாறும் என்பது. மூன்று, தோற்றவர் எதிர்க்கட்சி வரிசையில் அமர்ந்து அடுத்த தேர்தல்வரை காத்திருப்பார் என்பது. இருகட்சி முறை வேரூன்றிய நாடுகளில் இம்மூன்றும் பெரும்பாலும் பொருந்தும். தொங்கு நாடாளுமன்றங்கள் அமையும் நாட்டில் இவற்றுள் எதையும் இயல்பாகக் கொள்ளவியலாது.

3. இருமுறை தேறிய நாடு

1990ஆம் ஆண்டு மக்கள் இயக்கத்தின் விளைவாக, கட்சிகளைத் தடைசெய்திருந்த பஞ்சாயத்து முறை முடிவுக்கு வந்தது. 1991 தேர்தலில் 205 இடங்களுள் 110ஐ வென்று நேபாளி காங்கிரஸ் ஆட்சியமைத்தது. கிரிஜா பிரசாத் கொய்ராலா பிரதமரானார். 1994 தேர்தலில் அக்கட்சி 83 இடங்களே பெற்றது. 88 இடங்களைப் பெற்ற ஐக்கிய மார்க்சிய லெனினியக் கம்யூனிஸ்ட் கட்சி (இனி யு.எம்.எல். எனப்படும்) மன்மோகன் அதிகாரியின் தலைமையில் சிறுபான்மை அரசை அமைத்தது. முடியாட்சி ஒன்றன்கீழ்ப் பொதுவுடைமைக் கட்சி ஒன்று வாக்குச்சீட்டின் வழியே ஆட்சிக்கு வந்த அந்நிகழ்வு உலகளவில் கவனிக்கப்பட்டது. 1999இல் நேபாளி காங்கிரஸ் 111 இடங்களுடன் மீண்டும் வென்றது. தேர்தல் முடிவுகளின் வரிசையை மட்டும் நோக்கினால் நேபாளம் எட்டாண்டுகளில் இச்சோதனையில் தேறிவிட்டது.

2008க்குப் பின்னும் இதுவே நிகழ்ந்தது. அவ்வாண்டு அரசியலமைப்பு அவைத் தேர்தலில், பத்தாண்டு ஆயுதப்போரைக் கைவிட்டு வந்த மாவோயிஸ்ட் கட்சி, தேர்ந்தெடுக்கப்பட்ட 575 இடங்களுள் 220ஐ வென்றது. 2013இல் அது 80 இடங்களாகக் குறைந்து மூன்றாமிடத்திற்குச் சென்றது. 196 இடங்களைப் பெற்ற நேபாளி காங்கிரஸ் ஆட்சிக்கு வந்தது. 2017இல் நேபாளி காங்கிரஸ் தோற்று, யு.எம்.எல். தலைமையிலான இடதுசாரி அணி வென்றது. மீண்டும் இரு ஆட்சிமாற்றங்கள்.

சோதனையை நுணுக்கமாகப் பயன்படுத்துவோர் இங்கே மறுப்புரைக்கக்கூடும். 1999 தேர்தலை நடத்திய அரசின் தலைவர் யு.எம்.எல். கட்சியினர் அல்லர், நேபாளி காங்கிரஸின் கொய்ராலாவே அப்போது பிரதமர். எனவே அது தேர்தலால் நிகழ்ந்த ஆட்சிமாற்றம் ஆகாது என்பர். உண்மைதான். 1994க்கும் 1999க்கும் இடையில் அதே அவையிலிருந்து ஐவர் பிரதமராயினர்: மன்மோகன் அதிகாரி, ஷேர் பகதூர் தேவுபா, லோகேந்திர பகதூர் சந்த், சூரிய பகதூர் தாபா, கிரிஜா பிரசாத் கொய்ராலா. இவர்களுள் சந்த், தாபா இருவரும் பஞ்சாயத்து முறையின்கீழ்ப் பிரதமர் பதவி வகித்தவர்கள். முன்னவரை யு.எம்.எல்.லும் பின்னவரை நேபாளி காங்கிரஸும் தாங்கிப்பிடித்தன. 1990இல் மக்கள் எந்த ஆட்சிமுறையை அகற்றினரோ அதன் முன்னாள் தலைவர்களை, அதை அகற்றிய இரு கட்சிகளே மாறிமாறிப் பதவியில் அமர்த்தின. இவற்றுள் எதனைச் சோதனை கணக்கிடும்? ஆட்சி தேர்தலுக்கு வெளியே பலமுறை உருமாறிய நிலையில், ‘ஆட்சிமாற்றம்’ என்னும் அலகே தெளிவிழந்துவிடுகிறது. மறுப்பு சரியெனில் அளவுகோல் பயன்படாது. மறுப்பு தவறெனில் அளவுகோல் பிழையான விடையைத் தருகிறது.

பிழையான விடை என்பதற்குச் சான்று அடுத்து நிகழ்ந்தவை. 1999இல் அமைந்த அவை 2002 மே மாதம் கலைக்கப்பட்டது. அவ்வாண்டு அக்டோபரில் மன்னர் ஞானேந்திரா பிரதமரைப் பதவிநீக்கினார். 2005 பிப்ரவரி 1 அன்று ஆட்சியைத் தாமே கைக்கொண்டார். 2017இல் அமைந்த அவையைப் பிரதமர் ஓலி 2020 டிசம்பர் 20 அன்று கலைத்தார்.

4. பெரும்பான்மை அரசுகளும் அவைக் கலைப்பும்

கூட்டணி அரசுகளே நேபாளத்தின் நோய் என்னும் கருத்து அந்நாட்டு அரசியலாரிடமும் அயல்நாட்டு நோக்கர்களிடமும் வலுவாக உள்ளது. மன்னராட்சி 2008இல் ஒழிக்கப்பட்ட பின்னர், பிரசண்டா எனப்படும் புஷ்ப கமல் தகாலின் முதல் அரசு தொடங்கி 2025இல் வீழ்ந்த ஓலியின் அரசு வரை பிரதமர் பதவி கைமாறிய கணக்கில் 13 அரசுகள் அமைந்தன. இவ்வெண்ணிக்கை மேற்கண்ட கருத்திற்குத் துணைநிற்பதுபோலத் தோன்றும். ஆயின் அவைகளின் முடிவை ஒப்பிட்டால் வேறொரு படம் கிடைக்கிறது.

1990க்குப் பின் இக்கால எல்லைக்குள் தெளிவான பெரும்பான்மையுடன் அமைந்த அரசுகள் மூன்று. மூன்றன் அவைகளும் பதவிக்காலம் முடியுமுன் அரசின் தலைவராலேயே கலைக்கப்பட்டன. மூன்றிலும் காரணம் எதிர்க்கட்சியின் தாக்குதல் அன்று, உட்கட்சிப் பூசல்.

முதலாவது, 1991இல் அமைந்த அரசு. 1994இல் அரசின் கொள்கையறிக்கை மீதான வாக்கெடுப்பில் ஆளுங்கட்சியின் 36 உறுப்பினர்கள் கலந்துகொள்ளாமையால் அரசு தோற்றது. கொய்ராலா அவையைக் கலைக்கச் செய்தார். இரண்டாவது, 1999இல் அமைந்த அவை. மாவோயிஸ்ட் போரை முன்னிட்டு அறிவிக்கப்பட்ட நெருக்கடிநிலையை நீட்டிப்பது குறித்துப் பிரதமர் தேவுபாவிற்கும் கட்சித் தலைவர் கொய்ராலாவிற்கும் எழுந்த மோதலில் தேவுபா அவையைக் கலைத்தார், கட்சியும் பிளந்தது. மூன்றாவது, 2017இல் அமைந்த அவை. யு.எம்.எல். 121, மாவோயிஸ்ட் மையம் 53 என 275இல் 174 இடங்களை வென்று, 2018 மே மாதம் இரு கட்சிகளும் ஒன்றாக இணைந்தன. ஐந்தாண்டு நிலையான ஆட்சி என்பதே அவர்கள் வாக்குக் கேட்ட முழக்கம். ஓலியும் பிரசண்டாவும் அதிகாரப் பங்கீட்டில் முரண்பட்டபோது ஓலி அவையைக் கலைத்தார்.

இதற்கு மாறாக, எக்கட்சிக்கும் பெரும்பான்மை இல்லாத 1994ஆம் ஆண்டு அவை ஐந்து பிரதமர்களைக் கண்டும் ஏறத்தாழத் தன் முழுக்காலத்தையும் கடந்தது. அதனையும் கலைக்க ஒரு முயற்சி நிகழ்ந்தது: 1995இல் அதிகாரியின் அரசு நம்பிக்கையில்லாத் தீர்மானத்தை எதிர்நோக்கிய நிலையில் கலைப்பைப் பரிந்துரைத்தது, உச்சநீதிமன்றம் அதனைச் செல்லாததாக்கி அவையை மீட்டது. கவனிக்க வேண்டுவது, அதுவும் ஒரு கட்சி தனித்து அமைத்த அரசே, கூட்டணி அரசன்று.

மூன்றே நிகழ்வுகளைக் கொண்டு பொதுவிதி வகுத்தல் முறையன்று. எனினும் இவற்றின் பின்னுள்ள இயக்கத்தை விளங்கிக்கொள்ள இயலும். கூட்டணி அரசில் அதிருப்தியுற்ற தலைவர் கூட்டணியிலிருந்து விலகலாம். அரசு மாறும், அவை நிற்கும். பெரும்பான்மைக் கட்சியில் அதிருப்தியுற்றவருக்குக் கட்சியைப் பிளப்பதன்றி வேறு வழியில்லை. அப்பிளவை முறியடிக்கப் பிரதமரின் கையிலுள்ள கருவி கலைப்பு. ஆக, பெரும்பான்மை அரசில் தலைவர்களின் போட்டி அரசைக் கடந்து அவையையே தாக்குகிறது. உட்கட்சி மக்களாட்சி வலுவற்ற நாட்டில் இவ்விடர் மிகுதி.

நீதிமன்றத்தின் பங்கும் இங்கே சுட்டத்தக்கது. 1990ஆம் ஆண்டு அரசியலமைப்பின்கீழ் 1994, 2002 கலைப்புகளை உச்சநீதிமன்றம் ஏற்றது. 2015ஆம் ஆண்டு அரசியலமைப்பு, அவையிலிருந்து மாற்று அரசு எதுவும் அமைய வாய்ப்பில்லாத நிலையிலேயே கலைப்பை அனுமதிக்கிறது. அதனடிப்படையில் 2021 பிப்ரவரி 23 அன்றும், ஓலி மீண்டும் கலைத்தபோது ஜூலை 12 அன்றும் அவை மீட்கப்பட்டது. இரண்டாம் தீர்ப்பு தேவுபாவைப் பிரதமராக நியமிக்கவும் ஆணையிட்டது. அரசமைப்பு விதி ஒன்றன் மாற்றம் எவ்வாறு மீள்திறனைக் கூட்டுகிறது என்பதற்கு இது நல்ல சான்று.

5. கூட்டணியின் ஆக்கமும் அதன் விலையும்

2002இல் பெரும்பான்மை அரசு கலைத்த அவையை நான்காண்டுகளுக்குப் பின் மீட்டெடுத்தது ஒரு கூட்டணி. ஏழு கட்சிகள் ஒன்றிணைந்து, 2005 நவம்பரில் மாவோயிஸ்டுகளுடன் 12 அம்ச உடன்பாடு செய்து, 2006 ஏப்ரலில் நடத்திய மக்கள் இயக்கத்தின் முன் பணிந்து மன்னர் அவ்வவையை மீண்டும் கூட்டினார். அவ்வாண்டு நவம்பர் 21 அன்று கையெழுத்தான அமைதி உடன்படிக்கை, 1996இல் தொடங்கிய போரை முடித்தது. ஒரு தனிக்கட்சி அரசு, போரிட்ட தரப்பை ஆட்சிக்குள் கொணர்ந்திருக்க இயலுமா என்பது ஐயமே.

கூட்டணியின் நிலையாமைக்கு இக்காலமே உச்சமும் ஆகும். 2010 ஜூனில் மாதவ் குமார் நேபாள் பதவி விலகிய பின்னர், 17ஆம் சுற்று வாக்கெடுப்பில் 2011 பிப்ரவரியில்தான் ஜாலநாத் கனால் பிரதமராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அரசியலமைப்பை இயற்றாமலேயே முதல் அவையின் காலம் 2012 மே மாதம் முடிந்தது. 2013 தேர்தலை நடத்தும் பொறுப்பைக் கட்சிகள் ஒருவரையொருவர் நம்பி ஒப்படைக்க இயலாமல், பதவியிலிருந்த தலைமை நீதிபதி கில்ராஜ் ரெக்மியிடம் ஒப்படைத்தன. அதிகாரப் பிரிவினைக் கோட்பாட்டிற்கு இது முரண் என்னும் கண்டனம் சரியானதே.

ஆயினும் அத்தேர்தலின் விளைவை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. 220 இடங்களிலிருந்து 80க்கு வீழ்ந்த மாவோயிஸ்ட் கட்சி முதலில் முறைகேடு எனக் குற்றஞ்சாட்டியது. பின்னர் அவைக்குள் வந்து அமர்ந்தது. ஏழாண்டுகளுக்கு முன்வரை ஆயுதப்போர் நடத்திய ஓர் இயக்கம் தோல்விக்குப் பின் மீண்டும் ஆயுதம் ஏந்தவில்லை. ஹண்டிங்டனின் சோதனை நாடுவது இதுபோன்ற தோல்வியையே. நேபாள மக்களாட்சியின் மீள்திறனுக்கு இதனினும் சிறந்த சான்றில்லை.

2015 ஏப்ரல் நிலநடுக்கத்திற்குப் பின் முதன்மைக் கட்சிகள் 16 அம்ச உடன்பாட்டை எட்டின. அவ்வாண்டு செப்டம்பரில் 507 உறுப்பினர்களின் வாக்குகளுடன் அரசியலமைப்பு நிறைவேறியது. அதன் விலையையும் சொல்லியாக வேண்டும். மலைநாட்டுத் தலைமை கொண்ட பெருங்கட்சிகளின் இவ்வுடன்பாட்டில் தாம் புறக்கணிக்கப்பட்டதாக மாதேசி, தாரு மக்கள் போராடினர். 40க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பெருங்கூட்டணி எதனை ஒன்றுசேர்க்கிறதோ அதற்கு வெளியே நிற்பவர்களின் குரலை எளிதில் கடந்துவிடுகிறது என்னும் எச்சரிக்கை அன்றே வெளிப்பட்டது.

6. எதிர்க்கட்சியற்ற அவை

2015 அரசியலமைப்பு நிலைத்தன்மையை விதிகளால் உருவாக்க முயன்றது. 275 உறுப்பினர்களுள் 165 பேர் தொகுதிவாரியாகவும் 110 பேர் விகிதாசார முறையிலும் தேர்ந்தெடுக்கப்படுவர். பிரதமர் பதவியேற்ற முதல் ஈராண்டுகளுக்கு நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவர இயலாது. கொண்டுவரும்போது மாற்றுப் பிரதமரின் பெயரையும் குறிப்பிட வேண்டும். இவ்விதிகள் பிரதமரைக் கவிழ்ப்பதைக் கடினமாக்கின. பிரதமரே துணைக்கட்சிகளை மாற்றிக்கொள்வதை அவை தடுக்கவில்லை.

2022 நவம்பர் தேர்தலில் நேபாளி காங்கிரஸ் 89, யு.எம்.எல். 78, மாவோயிஸ்ட் மையம் 32, புதிதாகத் தோன்றிய ராஷ்ட்ரிய சுதந்திரக் கட்சி 20 இடங்கள் பெற்றன. பிரசண்டா நேபாளி காங்கிரஸுடன் தேர்தல் கூட்டணி அமைத்து வாக்குப் பெற்றார். தேர்தலில் எதிர்த்து நின்ற யு.எம்.எல்.லின் ஆதரவுடன் பிரதமரானார். 2023 ஜனவரி 10 அன்று நடந்த நம்பிக்கை வாக்கெடுப்பில் அவருக்கு 268 வாக்குகள் கிடைத்தன, எதிர்த்தவை 2. வெளியேற்றப்பட்ட நேபாளி காங்கிரஸும் அவருக்கே வாக்களித்தது. சில வாரங்களில் அவர் யு.எம்.எல்.லை விட்டு நேபாளி காங்கிரஸுடன் சேர்ந்தார். 2024 மார்ச்சில் மீண்டும் யு.எம்.எல்.லுடன் சேர்ந்தார். ஏறத்தாழப் பத்தொன்பது மாதங்களில் ஐந்து நம்பிக்கை வாக்கெடுப்புகளைச் சந்தித்து, 2024 ஜூலை 12 அன்று ஐந்தாவதில் தோற்றார். அவையின் முதலிரு கட்சிகளான நேபாளி காங்கிரஸும் யு.எம்.எல்.லும் கைகோத்து, எஞ்சிய காலத்தை ஓலியும் தேவுபாவும் முறைவைத்து ஆள்வதென உடன்பட்டன. முந்தைய வாரம்வரை பிரதமராக இருந்தவர் எதிர்க்கட்சித் தலைவரானார்.

இம்மாற்றங்களுள் எதுவும் சட்டத்திற்கு மாறானதன்று. ஒவ்வொன்றும் அமைதியாகவே நிகழ்ந்தது. ஆயின் 2015 அக்டோபர் முதல் 2025 செப்டம்பர் வரையிலான பத்தாண்டுகளில், இரு பொதுத்தேர்தல்களுக்கும் ஏழு அரசுகளுக்கும் இடையே, பிரதமர் பதவியில் அமர்ந்தவர்கள் ஓலி, பிரசண்டா, தேவுபா என்னும் மூவர் மட்டுமே. அரசுகள் மாறின, ஆள்வோர் மாறவில்லை. ஆட்சிமாற்றத்தை மட்டும் எண்ணும் அளவுகோலுக்கு இந்நிலை புலப்படாது.

கட்சிகள் போட்டியைக் குறைத்து அரசின் வளங்களைப் பகிர்ந்துகொள்ளும் போக்கினைக் ‘கூட்டுறைவுக் கட்சி’ என்னும் கருத்தாக்கத்தால் ரிச்சர்ட் கட்ஸ், பீட்டர் மேர் ஆகியோர் 1995இல் விளக்கினர். இந்தோனேசியாவை ஆராய்ந்த டான் ஸ்லேட்டர், அனைத்துக் கட்சிகளும் அமைச்சரவைக்குள் அடங்கும்போது வாக்காளரிடம் எவரும் பொறுப்புக்கூற வேண்டாத நிலை உருவாவதைச் சுட்டிக்காட்டினார். நேபாளத்தின் 2022–2025 காலம் இவ்விளக்கங்களோடு பெரிதும் பொருந்துகிறது. 2006–2015 காலத்துப் பெருங்கூட்டணிகளுக்கு அமைதி, அரசியலமைப்பு என்னும் வரையறுத்த பணிகள் இருந்தன. 2024ஆம் ஆண்டுக் கூட்டணி அரசியலமைப்புத் திருத்தத்தைத் தன் நோக்கமாக அறிவித்தது. அரசு வீழும்வரை அத்திருத்தம் நிறைவேறவில்லை.

2025 செப்டம்பர் தொடக்கத்தில் அரசு 26 சமூக ஊடகத் தளங்களை முடக்கியது. 8ஆம் நாள் இளைஞர்கள் நடத்திய போராட்டத்தின்மீது துப்பாக்கிச்சூடு நிகழ்ந்தது. அன்று மட்டும் 19 பேர் இறந்தனர். மறுநாள் ஓலி பதவி விலகினார். நாடாளுமன்றம், அரசுத் தலைமையகமான சிங்க தர்பார், உச்சநீதிமன்றம் ஆகியவை தீக்கிரையாயின. அவ்வெழுச்சியில் இறந்தோர் தொகை 70ஐக் கடந்தது. 12ஆம் நாள் முன்னாள் தலைமை நீதிபதி சுசீலா கார்கி இடைக்காலப் பிரதமரானார். அவை கலைக்கப்பட்டு 2026 மார்ச் 5 தேர்தல் நாளாக அறிவிக்கப்பட்டது.

இவ்வெழுச்சிக்கு வேலையின்மை, ஊழல், இளைஞர்கள் பெருந்தொகையாக அயல்நாடுகளுக்குப் பிழைப்புத் தேடிச் செல்லும் நிலை எனக் காரணங்கள் பல. இவற்றைக் கூட்டணிக் கணக்குகளால் மட்டும் விளக்குதல் பொருந்தாது. இக்கட்டுரை கூறுவது குறுகிய ஒரு கருத்தையே: அக்குறைகள் அவைக்குள் எடுத்துரைக்கப்பட்டு, அடுத்த தேர்தலில் தீரும் என்னும் நம்பிக்கையைத் தாங்க வலுவான எதிர்க்கட்சி ஒன்று இருந்திருக்கவில்லை. மூன்றுமுறை அவையை மீட்ட நீதிமன்றமும் அவையோடு ஒரே நாளில் எரிந்தது என்பது, மக்கள் சினம் நிறுவனங்களுக்கிடையே வேறுபாடு காணாத நிலையை எட்டியிருந்ததைக் காட்டுகிறது.

7. மாற்று வினாக்கள்

மேற்கண்டவற்றால் ஹண்டிங்டனின் சோதனையை முற்றாகத் தள்ள வேண்டுவதில்லை. அதன் நடுக்கருத்தான ‘தோல்வி’யைக் கூட்டணிச் சூழலுக்கேற்ப விரித்துக்கொள்ளுதல் போதும். அதற்கு மூன்று வினாக்கள் உதவும்.

முதலாவது, தேர்தல் கூட்டணிக்கும் ஆட்சிக் கூட்டணிக்கும் உள்ள தொடர்பு. வாக்காளர் எந்த அணிக்கு வாக்களித்தாரோ அதற்கும் அமைந்த அரசுக்கும் இடைவெளி மிகும்போது தேர்தல் தன் பொருளை இழக்கிறது. 2022 முடிவு இதற்குச் சான்று.

இரண்டாவது, அவையில் எஞ்சும் எதிர்க்கட்சியின் தன்மை. அது எண்ணிக்கையால் போதியதாக இருப்பதோடு, அண்மைவரை ஆட்சியில் பங்குபெறாததாகவும் இருத்தல் வேண்டும்.

மூன்றாவது, தோல்வி எந்தெந்த மட்டங்களில் நிகழ்கிறது என்பது. மைய அவைக்கான தேர்தல்களையே சோதனை நோக்குகிறது. நேபாளத்தில் 1997க்குப் பின் 2017 வரை உள்ளாட்சித் தேர்தல் நடைபெறவில்லை. 2002இல் உள்ளாட்சிகளின் காலம் முடிந்தபின் பதினைந்து ஆண்டுகள் ஊர்களைத் தேர்ந்தெடுக்கப்படாதோரே நிர்வகித்தனர். மையத்தில் அரசுகள் அடுத்தடுத்து மாறிய காலத்தில், மக்கள் அன்றாடம் எதிர்கொள்ளும் அதிகாரத்தை வாக்கால் மாற்றும் வழி அடைபட்டிருந்தது. 2017, 2022 ஆண்டுகளில் 753 உள்ளாட்சிகளுக்கு நடந்த தேர்தல்கள் இவ்வகையில் நாடாளுமன்றத் தேர்தல்களுக்கு நிகரான முதன்மை வாய்ந்தவை.

இவற்றோடு கட்சிகளுக்குள் தலைமை மாறுகிறதா என்னும் வினாவும் இணைத்தெண்ணத்தக்கது. தேவுபா ஐந்துமுறை பிரதமரானவர். தேர்தலில் கட்சி தோற்றாலும் தலைவர் தோற்பதில்லை எனின், ஆட்சிமாற்றம் சுழற்சியாக மட்டுமே எஞ்சும்.

8. முடிவுரை

நேபாளத்தின் முப்பத்தைந்து ஆண்டு வரலாறு, கூட்டணி ஆட்சியின்மீது சுமத்தப்படும் பழியை ஓரளவு நீக்குகிறது. அவைகளைக் காலத்திற்கு முன் கலைத்தவை பெரும்பான்மை அரசுகள்; போரை முடித்ததும் அரசியலமைப்பை இயற்றியதும் கூட்டணிகள். அதே வரலாறு, கூட்டணிக்கும் ஓர் எல்லை உண்டு என்பதையும் உணர்த்துகிறது. எல்லோரும் ஆளும் அணியில் இடம்பெறத்தக்கவர் ஆகும்போது எவரும் தோற்பதில்லை. எவரும் தோற்காத தேர்தல் வாக்காளருக்கு ஆட்சியை மாற்றும் வழியாக அமைவதில்லை.

2013இலும் 2025இலும் கட்சிகளால் தேர்தலை நடத்தும் நம்பகத்தன்மையைக் காக்க இயலாதபோது நீதித்துறை சார்ந்த ஒருவரிடம் அரசு ஒப்படைக்கப்பட்டது. இருமுறையும் நெருக்கடிக்குத் தீர்வாகத் தேர்தலே முன்வைக்கப்பட்டது என்பது மீள்திறனின் அடையாளம். இருமுறையும் கட்சிகளுக்கு வெளியே ஆள் தேட நேர்ந்தது என்பது உறுதிப்பாட்டின் குறை. நிலையான ஆட்சி எத்தனை ஆண்டு நீடித்தது என்னும் கணக்கால் இவ்விரண்டையும் பிரித்தறிய இயலாது. இளம் மக்களாட்சிகளை ஆராய்வோர் அரசுகளின் ஆயுளையும் ஆட்சிமாற்றங்களின் தொகையையும் எண்ணுவதோடு நில்லாமல், ஒவ்வொரு தேர்தலுக்குப் பின்னும் யார் வெளியேறினர், யார் எதிர்வரிசையில் அமர்ந்தனர், அவர்களுடைய சொல்லுக்கு அவையில் இடமிருந்ததா என்பவற்றையும் பதிவுசெய்தல் வேண்டும். கூட்டணி ஆட்சி நடைபெறும் பிற நாடுகளின் தேர்தல்களையும் இவ்வினாக்களால் ஆராய்வது மேலாய்விற்குரிய களமாகும்.